முப்பதாம் எண்காரன்

முப்பது என்கிற எண்ணுக்கு மீசை இருக்குமா, இருக்காதா? சிவநேசன் மூன்று நாட்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். வயது தன்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மெதுவாகப் பேசுவான். நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. இந்த மாதிரி ஆட்களை நம்பவே கூடாது.

பம்ப் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் பன்னிரண்டு பம்புகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே நின்று எந்த பம்பில் பேரிங் முனகுகிறது, எதில் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று காதாலேயே கண்டுபிடிப்பது அவன் வேலை. பதினாலு வருட அனுபவம். காதுக்கு மாட்டிக்கொள்ள உறை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் பம்ப் பேசுவது கேட்காது என்று அவன் எப்போதும் கழுத்தில்தான் தொங்கவிட்டிருப்பான். அன்றைக்கு ஏழாவது பம்ப் கருகி, புகை வந்து, பக்கத்து ஆள் ஓடி வந்து சுவிட்சை அணைத்த பிறகுதான் அவன் முப்பதை விட்டு வெளியே வந்தான்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு இது கேக்கலியா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. பாத்துட்டுத்தான் இருக்கறேன்" என்று கத்தினான் சிவநேசன். அந்தக் கூடத்தில் யார் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

முப்பது யார் என்று சொல்வதற்கு முன் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வீடுகளில் பாட்டுச் சத்தத்துக்காக நடக்கும் சண்டை ஓய்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஓய வைத்தது 'இதம்' என்ற பாட்டுப் பெட்டி. பார்ப்பதற்கு இட்லிப் பானை அளவில் இருக்கும். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதில் திருகு கிடையாது, பொத்தான் கிடையாது. அதுதான் கம்பெனிக்குப் பெருமை. அறையில் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் காதை வைத்தே தெரிந்துகொண்டு, அவர்களுக்கு எது சரியான சத்தமோ அதில் பாடும். ஒருவருக்கு ஓர் எண். இரண்டு பேர் இருந்தால் இரண்டு எண்களுக்கும் நடு எண். சந்தேகத்துக்கே இடமில்லை. அக்கம்பக்கத்துப் புகார்கள் போயின, அண்ணன் தம்பி அடிதடி போனது, மாமியார்கள் 'கொஞ்சம் கொறைச்சு வையேன்' என்று சொல்வதற்கு வழியில்லாமல் வாயடைத்துப் போனார்கள்.

அதோடு விட்டார்களா, நம் ஆட்கள்? இரண்டே வருடத்தில் கல்யாண விளம்பரங்களில் எண் ஏறிவிட்டது. 'பையன் சாப்ட்வேர், சொந்த வீடு, எண் நாற்பத்திரண்டு.' செவ்வாய் தோஷம் இருந்தாலும் பரவாயில்லை, எண்ணில் ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெண் பார்க்கவே வர மாட்டேன் என்றவர்கள் உண்டு. சிவநேசனோடு வேலை பார்க்கும் தண்டபாணிக்கு எண் நாற்பத்தொன்று, அவன் மனைவிக்கு நாற்பத்திரண்டு. அதைத் தண்டபாணி ஏதோ தானே செதுக்கிய மாதிரி சொல்லிக்கொண்டு திரிவான். அதைக் கேட்கும்போதெல்லாம் சிவநேசனுக்கு வயிறு எரியும்.

அவனுக்கு எண் அறுபது. அவன் மனைவி வசுமதிக்கு நாற்பத்து நாலு. நடுவில் பதினாறு.

பதினோரு மாதத்துக்கு முன்னால் கணபதிப் பகுதியில் இருக்கும் அவர்கள் ஃப்ளாட்டுக்குப் பெட்டி வந்தபோது, அதைப் பொருத்த ஷபானா என்ற டெக்னீஷியன் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பேச்சும் வேலையும் கச்சிதம்.

"நம்ம காது சத்தத்த வாங்கறது மட்டும் இல்லீங்க, கொஞ்சம் திருப்பியும் குடுக்கும்" என்று அவள் விளக்கினாள். "ரொம்பச் சின்ன எதிரொலி. நமக்குக் கேக்காது, இந்தப் பெட்டிக்குக் கேக்கும். எந்த அளவுல காது சிரமப்படாம பாட்ட முழுசா வாங்கிக்குதோ, அதுதான் உங்க எண்."

"நாளுக்கு ஒண்ணா மாறுங்களா?" என்று கேட்டான் சிவநேசன்.

"மாறாது சார். கைரேக மாதிரி. ஒருத்தருக்கு ஒண்ணுதான்." பிறகு தயங்கி, "அக்காவ அளக்கறப்ப அவங்க மட்டும் ஹால்ல இருக்கட்டும். நீங்க பத்து நிமிஷம் வெளிய நின்னா நல்லது" என்றாள்.

"ஏனுங்க, நான் என்ன பூச்சாண்டியா? என்ற வீட்ல நான் எதுக்கு வெளிய போகோணும்?"

"கையேட்டுல அப்படித்தான் போட்டிருக்கு சார்."

"கையேடு கெடக்குது. நீங்க அளங்க. நான் ஓரமா உக்காந்துக்கறேன்."

ஓரமாகத்தான் உட்கார்ந்தான். வாய்தான் ஓரமாக உட்காரவில்லை. "இவளுக்கு நெம்ப சத்தமா இருந்தா ஆகாதுங்க, பாத்து வெய்யுங்க." "வசு, அசையாம உக்காரு." "இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாருங்க, சொல்ல மாட்டா, கூச்சப்படுவா." பத்து நிமிடமும் வசுமதிக்காக அவனே பேசினான். அவர்கள் வீட்டில் அது புதிதில்லை. ஓட்டலில் அவளுக்கு என்ன வேண்டும் என்று அவன்தான் சொல்வான், டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்பதையும் அவன்தான் சொல்வான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அவள்மேல் அவனுக்கு அத்தனை உரிமை, அத்தனை ஆசை. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விடும், அவ்வளவுதான்.

நாற்பத்து நாலு என்றது பெட்டி. அடுத்து அவனுக்கு அறுபது என்றது.

"சார், அறுபது கொஞ்சம் அதிகம். ஒரு தடவ காது டாக்டர பாத்துருங்க."

"பம்ப் கம்பெனில வேல செய்யற ஆம்பளைக்கு அறுபது இல்லாம ஆறா இருக்கும்?" என்று சிரித்தான் சிவநேசன். வசுமதியும் சிரித்தாள்.

இருவரும் ஹாலில் உட்கார்ந்தால் பெட்டி ஐம்பத்திரண்டில் பாடியது. பதினோரு மாதமாக எந்த வம்பும் இல்லை. போன வாரம் தண்டபாணிதான் வினையை இழுத்துவிட்டான். வீட்டில் பெட்டி எந்தெந்த நேரத்தில் என்ன அளவில் பாடியது என்பதைச் செல்போனில் பார்க்கலாம் என்று காட்டினான். யார் கேட்டார்கள் என்பதை மட்டும் அது சொல்லாது. பதிவில் உள்ள எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது என்று சட்டம்.

சிவநேசனும் விளையாட்டாகத் திறந்து பார்த்தான். ராத்திரி ஐம்பத்திரண்டு, சரி. ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்திரண்டு, சரி. ஆனால் வாரநாட்களில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை, அவன் கம்பெனியில் இருக்கும் நேரத்தில், முப்பத்தேழு.

முப்பத்தேழு எங்கிருந்து வந்தது? வசுமதி தனியாகக் கேட்டால் நாற்பத்து நாலில் அல்லவா பாட வேண்டும்? எண் மாறாது என்று கம்பெனிக்காரியே சொல்லியிருக்கிறாள். பெட்டியில் திருகும் கிடையாது. ஆக, இன்னொருவர் இருக்கிறார். நாற்பத்து நாலையும் இன்னொரு எண்ணையும் சேர்த்து நடுவில் வகுத்தால் முப்பத்தேழு வர வேண்டும். அவன் பம்ப் சோதனை நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். நாற்பத்து நாலும் முப்பதும் எழுபத்து நாலு. அதில் பாதி முப்பத்தேழு.

அப்படித்தான் முப்பது பிறந்தான்.

கொடுமை அதோடு முடியவில்லை. பதிவில் உள்ளவரும் பதிவில் இல்லாதவரும் சேர்ந்து உட்கார்ந்தால், 'விருந்தினர்' என்று பெட்டிக்குச் சொன்னால்தான் அது வந்தவரின் காதையும் கணக்கில் சேர்க்கும். சொல்லாவிட்டால் வீட்டு ஆளுக்கு மட்டும்தான் பாடும். அப்படியானால் வசுமதி தன் வாயாலேயே விருந்தினர் வந்திருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். தினமும். அந்த ஒரு வார்த்தையை அவள் எந்தக் குரலில் சொல்லியிருப்பாள் என்று நினைக்க நினைக்க அவனுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

வசுமதி வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு டிசைன் வரைந்து கொடுப்பாள். அன்று சாயங்காலம் அவன் வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"மத்தியானம் ஒரம்பர, விருந்தாளின்னு யாராச்சும் வந்திருந்தாங்களா?"

"இல்லீங்களே. ஏனுங்க?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டது எதிர் ஃப்ளாட் வரைக்கும் கேட்டது. வசுமதி தோளைச் சற்றே சுருக்கிக்கொண்டு காபி போடப் போனாள். அவள் சுருங்கியதை அவன் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டான்.

யாரோடும் சண்டை போடாமல் முப்பதைக் கண்டுபிடிக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. சந்தேகப்படுகிறவர்களை வீட்டுக்கு அழைத்துப் பெட்டி முன்னால் உட்கார வைத்தால் போதும், பெட்டியே அளந்து சொல்லிவிடும். பொறாமை மனிதனை எவ்வளவு உபசரிப்பு உள்ளவனாக ஆக்கிவிடுகிறது பாருங்கள்!

முதலில் மேல்மாடி பல் டாக்டர் செல்வின். நாகர்கோவில்காரர். கல்யாணமாகாதவர். மத்தியானம் கிளினிக்கை மூடிவிட்டுச் சாப்பிட வருகிறவர். மெல்லிய குரல், சிரித்த முகம். லிஃப்டில் வசுமதியைப் பார்த்தால் 'டிபன் ஆச்சா' என்று வேறு கேட்பார். இதைவிட வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரைப் பிடித்து இழுத்து வந்து ஹாலில் உட்கார வைத்தான்.

"பாட்டா? எனக்கு அவ்வளவு ஞானம் கிடையாது சார்" என்று நெளிந்தார் டாக்டர்.

"ஞானம் எதுக்குங்க டாக்டர்? காது இருந்தாப் போதும். விருந்தினர்!" என்று பெட்டியைப் பார்த்துச் சத்தம் போட்டான் சிவநேசன்.

வசுமதி போண்டா கொண்டுவந்து வைத்தாள். ஏன் இந்தத் திடீர் விருந்து என்று அவளுக்குப் புரியவில்லை. பெட்டி மூன்று பேரையும் அளந்தது. டாக்டர்தான் முப்பது என்றால், மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுக்க நாற்பத்தைந்து வர வேண்டும். சிவநேசன் செல்போனை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு பார்த்தான். ஐம்பது. விரல் விட்டு எண்ணினான். நூற்றைம்பதில் நூற்று நாலு போக நாற்பத்தாறு. டாக்டர் நிரபராதி.

அவனுக்கு முதலில் நிம்மதி வந்தது. அடுத்த நிமிடமே எரிச்சல் வந்தது. நிரபராதிக்கு எதற்கு ஆறு போண்டா?

அடுத்தவன் நந்தகுமார். வசுமதியின் கம்பெனியிலிருந்து துணி சாம்பிள் கொண்டுவருகிறவன். இருபத்தெட்டு வயது. சிவநேசன் சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். இரண்டரை மணிக்கு வந்த நந்தகுமார், செருப்பை வாசலில் சத்தமில்லாமல் கழற்றினான். சிவநேசன் அதைக் கவனித்தான்.

"வணக்கங்கண்ணா. நீங்க இருப்பீங்கன்னு தெரியாதுங்க."

தெரியாதாம்! "உக்காருங்க தம்பி. ஒரு பாட்டுக் கேட்டுட்டுப் போலாம்."

வசுமதி சாம்பிள் துணிகளைச் சோபாவில் விரித்து, சாயம் எங்கே மங்கியிருக்கிறது என்று நந்தகுமாரிடம் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து, "ஆமாங்க்கா, இந்த நீலம் சரியா ஏறல" என்று முணுமுணுத்தான். எவ்வளவு மெதுவாகப் பேசுகிறான் படுபாவி! அவன் சொல்வது வசுமதிக்கு மட்டும் கேட்கிறது, பக்கத்தில் இருக்கும் புருஷனுக்கு அரைகுறையாகத்தான் கேட்கிறது.

சிவநேசன் பெட்டியிடம் விருந்தினர் என்று சொன்னான். பாட்டு ஆரம்பித்தது. செல்போனைப் பார்த்தான்.

நாற்பத்தைந்து.

இத்தனை நாள் தேடிய ஆள் தன் சோபாவில் உட்கார்ந்து தன் வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். மீசைகூட இருந்தது.

"தம்பி, உங்க எண் எத்தன?"

"முப்பதுங்கண்ணா. எங்க வீட்ல எல்லாருக்கும் கம்மிதாங்க."

"மத்தியானம் ரெண்டு மணிக்கு தெனமும் என்ற வீட்ல உனக்கு என்னடா வேல?"

நந்தகுமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் மாசத்துக்கு ஒருக்காத்தானுங்களே வாரேன்..." என்று வசுமதியைப் பார்த்தான். அந்தப் பார்வை போதாதா? சிவநேசன் எழுந்து நின்றான். பன்னிரண்டு பம்புகளைத் தாண்டிக் கேட்கும் குரல், பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் முழுசாக வெளிவந்தது. என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத வேண்டாம். கீழ்வீட்டுக்காரர்கள் டீவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

நந்தகுமார் சாம்பிள்களை அள்ளிக்கொண்டு எழுந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. "இனிமே கொரியர்ல அனுப்பிடறேங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். செருப்பை மாட்டிக்கொள்ளக்கூட இல்லை, கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

வசுமதி அழவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "முப்பதுன்னு எப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அவன் நோட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டான். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் படித்தாள். தேதி, மணி, முப்பத்தேழு. தேதி, மணி, முப்பத்தேழு. டாக்டர் போண்டா சாப்பிட்ட கணக்கும் அதில் இருந்தது.

"ரெண்டு மணிக்கு வேலையெல்லாம் முடிச்சுட்டு நான் பாட்டுக் கேப்பேன்" என்றாள். "தனியாத்தான் கேப்பேன்."

"தனியாக் கேட்டா முப்பத்தேழு எப்பிடி வரும்? பொட்டி பொய் சொல்லுமா?"

"தெரியலீங்க. பொட்டிக்காரங்களையே கூப்புடுவோம். யார் கேட்டாங்கன்னு தொறந்து பாக்கட்டும். நான் சம்மதம் குடுக்கறேன்."

அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது அவனைக் கொஞ்சம் உலுக்கியது. ஆனாலும் பெட்டிக்காரர்கள் வரும்வரை இரண்டு நாளும் அவன் தோற்றுப் போனவனாக நடந்துகொள்ளவில்லை. கையும் களவுமாகப் பிடித்தவனைப் போலத்தான் வீட்டுக்குள் உலாவினான். உள்ளுக்குள் மட்டும், அவள் போய்விடுவாளோ என்று ஒரு பயம் குடைந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஷபானா வந்தாள். வசுமதி சம்மதம் சொன்னாள். பெட்டி அவள் காதைச் சரிபார்த்துக்கொண்டு திறந்தது. ஷபானா கையிலிருந்த திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"எல்லா மத்தியானமும் கேட்டது ஒரே ஒருத்தர்தான் சார். ரெண்டு பேர் ஒரு நாளும் இல்ல."

"ஒருத்தரா?" சிவநேசனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அப்ப அவன் தனியா உக்காந்து கேட்டிருக்கறான்! இவ எங்க போயிருந்தா?"

"கொஞ்சம் பொறுங்க சார். பெட்டி இந்த ஆளைப் புது ஆள்னுதான் வெச்சிருக்கு. பதிவுல இல்லாதவங்கன்னு. எண் முப்பத்தேழு. முப்பதுன்னு யாருமே இல்ல." அவள் நிமிர்ந்தாள். "நான் அக்காவ இன்னொரு தடவ அளக்கணும். இந்தத் தடவ நீங்க வெளிய நிக்கணும்."

"அதான் அப்பவே அளந்தாச்சே?"

"ஏனுங்க, போய் நில்லுங்க" என்றாள் வசுமதி.

அவன் போய் லிஃப்ட் பக்கத்தில் நின்றான். மேல்மாடி டாக்டர் வந்தவர், "என்ன சார், வெளிய நிக்கிய?" என்றார். "உள்ள அளக்கறாங்க டாக்டர்" என்றான் சிவநேசன். டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் படிக்கட்டு வழியாகவே ஏறிப் போய்விட்டார்.

பத்து நிமிடம் கழித்து ஷபானா கதவைத் திறந்தாள். "உள்ள வந்து உக்காருங்க சார். பேச வேண்டாம். சும்மா உக்காருங்க."

அவன் வசுமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வாயை இறுக மூடிக்கொண்டான். பெட்டி மறுபடி அளந்தது. ஷபானா இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டினாள். அவன் வெளியே நின்றபோது முப்பத்தேழு. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு நாற்பத்து நாலு.

"ரெண்டும் அக்காதான்" என்றாள்.

"ஒருத்தருக்கு ஒண்ணுதான்னு சொன்னீங்களே?"

ஷபானா திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "காதுக்குள்ள ஒரு குட்டித் தசை இருக்கு சார். பெரிய சத்தம் வந்தா அது இறுகிக்கும், காதக் காப்பாத்திக்கறதுக்கு. அது இறுகிட்டா சத்தம் உள்ள கம்மியாத்தான் போகும். அப்ப பாட்டு கேக்கணும்னா கூட வெக்கணும். அதான் நாப்பத்து நாலு."

"இப்ப எங்க பெரிய சத்தம்? நான் வாயவே தொறக்கலியே!"

"சத்தம் வர வேண்டியதில்ல சார். வரப்போகுதுன்னு தெரிஞ்சாலே போதும். காது முன்கூட்டியே இறுகிக்கும். அவங்களுக்கே தெரியாது, அதுவா நடக்கும்."

சிவநேசன் வசுமதியைப் பார்த்தான். அவள் தன் காதை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தியாகத்தான் இருந்தது.

"நான் அவளக் கை நீட்டி ஒரு நாளும் அடிச்சதில்லீங்க" என்றான் அவன், யாரும் கேட்காமலே.

"நான் அப்படிச் சொல்லல சார்."

"வேற வீட்லயும் இப்பிடி வருதுங்களா?" என்று கேட்டாள் வசுமதி.

"அத வெளிய சொல்லக் கூடாதுன்னு கம்பெனில சொல்லிருக்காங்க அக்கா" என்றாள் ஷபானா. இதற்கு மேல் ஒரு பதில் தேவைப்படவில்லை.

பதினொரு வருடக் கல்யாணம். பெட்டி வந்து பதினோரு மாதம்தான். அதற்கு முன்னால் பத்து வருடமாக அந்தத் தசை எத்தனை தடவை இறுகியிருக்கும் என்று கணக்குப் போட அவனிடம் நோட்டு இருந்தது. ஆனால் அந்தக் கணக்கை அவன் போட விரும்பவில்லை. வசுமதி மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் வர வேண்டிய சந்தோஷமும் வரவில்லை. யாரோ ஒருவனாக இருந்திருந்தால் அடித்து விரட்டியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

ஷபானா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பெட்டில அக்கா ரெண்டு ஆளா விழுந்திருக்காங்க. ஒருத்தருக்கு ஒரு பதிவுதான் வெக்க முடியும். எத வெக்கட்டும்? நாப்பத்து நாலையே வெச்சா எப்பவும் போல இருக்கும். மத்தியானம் நீங்க தனியா இருக்கறப்ப மட்டும் பெட்டி உங்கள யாரோ புது ஆள்னே நெனைக்கும், அவ்வளவுதான்."

"நாப்பத்து நாலே இருக்கட்டும்" என்றான் சிவநேசன்.

"இல்லீங்க" என்றாள் வசுமதி. "முப்பத்தேழ வெய்யுங்க. நாப்பத்து நால அழிச்சிருங்க."

"அப்படி அழிச்சா, சார் வீட்ல இருக்கறப்ப உங்க காது பெட்டிக்கு அடையாளம் தெரியாதுக்கா. சாருக்கு மட்டும்தான் பாடும். அறுபதுல." ஷபானா சிவநேசனை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "வேணும்னா அப்பப்ப விருந்தினர்னு சொல்லிச் சேத்துக்கலாம்."

"என்ற வீட்ல நான் விருந்தாளியா வர வேண்டாம். அழிச்சிருங்க."

பதினொரு வருடத்தில் அவன் ஒன்றை முடிவு செய்த பிறகு அவள் வேறொன்று சொன்னது இதுதான் முதல் தடவை. குரல் உயரவே இல்லை. ஷபானா அழித்தாள்.

அவள் போன பிறகும், சரிபார்ப்பதற்காக அவள் போட்டுவிட்டுப் போன பாட்டு ஹாலில் ஓடிக்கொண்டிருந்தது. அறுபதில். சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, பெட்டி ஒருவனுக்காகப் பாடியது. வசுமதி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. சிவநேசன்தான் எழுந்து போய் அதை அணைத்தான்.

வீடு அமைதியானது. அவன் பேச நினைத்தான். மெதுவாகப் பேச வேண்டும் என்று நினைத்தான். குரலை எவ்வளவு இறக்க வேண்டும் என்று தெரியவில்லை. மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தும், முதல் சொல் பெரிதாக வந்து, அடுத்தது காற்றாகப் போனது.

"மத்தியானம்... என்ன பாட்டுக் கேப்ப?"

யார், யார் என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன், என்ன என்று இப்போதுதான் கேட்டான்.

வசுமதி அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"அத முப்பத்தேழுல போட்டா உங்களுக்குக் கேக்காதுங்க" என்றாள். "அறுபதுல போட்டா அது அந்தப் பாட்டா இருக்காது."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஆகப் போகிறது. இன்றைக்கு அவனுக்கு லீவு. சாயங்காலம் வரை வீட்டில்தான் இருக்க வேண்டியவன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"கீழ கொஞ்சம் வேல இருக்குது. நாலு மணிக்கு வாரேன்."

அவள் சரியென்று தலையாட்டினாள். இருங்கள் என்று சொல்லவில்லை. சொல்லுவாள் என்று அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

கீழே கார் நிறுத்தும் இடத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தான். மூன்றாவது மாடியில் அவன் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. திரைச்சீலை காற்றில் அசைந்தது. பாட்டு ஆரம்பித்திருக்க வேண்டும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தான். பேரிங் முனகலைப் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிக்கிற காது. ஒன்றுமே விழவில்லை.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் தோளைச் சுருக்காமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவன் படியேறிப் போனால் கதவு திறக்கும் முன்பே அவள் எழுந்து போயிருப்பாள், வசுமதி வந்து காபி போடுவாள். பதினொரு வருடம் குடும்பம் நடத்தியும் அவன் பார்த்தே இராத பெண். அந்தப் பெட்டி அவளைத் தினமும் பார்க்கிறது. அந்தச் சோபா பார்க்கிறது. சிவநேசனுக்கு அந்தச் சோபாவின் மேல்கூடப் பொறாமையாக இருந்தது.

பொறாமை கொஞ்சமும் குறையவில்லை. இப்போது ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, அதுதான் வித்தியாசம். வாட்ச்மேன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார், யாருக்காச்சும் காத்துட்டு இருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றான் சிவநேசன். நாலு மணி ஆக இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.